எனக்கு வேண்டாத பதவி

ஜூன் 9, திங்கள்

டாக்டர் சொல்லித்தான் எழுதுகிறேன். ரத்த அழுத்தம் நூற்று அறுபதுக்கு நூறு. "ஆபீஸ்ல எதுவும் டென்ஷனா?" என்று கேட்டார். "எனக்கா? இல்லையே" என்றேன். அவர் இன்னொரு தடவை கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். நூற்று அறுபத்தெட்டு. "வாயால சொல்ல முடியலைன்னா ஒரு நோட்டுல எழுதுங்கம்மா" என்று மாத்திரைச் சீட்டிலேயே அதையும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

டைல்ஸ் கடையில் கொடுத்த டைரி ஒன்று பிரிட்ஜ் மேல் கிடந்தது. ஜனவரியிலிருந்து ஜூன் வரை காலி. அதுவரை என் வாழ்க்கையில் ஒன்றும் நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை மதியம் மண்டல அலுவலகத்திலிருந்து கண்காணிப்பாளர் பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. ஒன்பது பேர். நகராட்சியில் இருபத்தாறு வருஷம் சர்வீஸ் போட்ட உதவியாளர் தவமணியாகிய என் பெயர் அதில் இல்லை. எனக்கு இரண்டு வருஷம் ஜூனியரான பியூலாவின் பெயர் இருக்கிறது. பியூலா எனக்குப் பக்கத்து சீட். நான் பிறப்பு இறப்புப் பதிவு, அவள் சொத்து வரிப் பெயர் மாற்றம். ஆள் செத்தால் முதலில் என்னிடம் வருவார்கள், காரியம் முடிந்ததும் அவளிடம் போவார்கள். பதினான்கு வருஷமாக ஒரே குடும்பங்களை இரண்டு பேரும் பங்கு போட்டு அலைய விட்டிருக்கிறோம்.

எனக்குக் கோபம் இல்லை. அந்தப் பதவி எனக்கு வேண்டவே வேண்டாம். இதை நான் இன்றைக்குச் சொல்லவில்லை, இருபது வருஷமாக ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். "கண்காணிப்பாளர்னு போட்டு எங்கயாச்சும் தண்ணியில்லாத ஊருக்குத் தூக்கி அடிப்பாய்ங்க. வந்தா எழுதிக் குடுத்துட்டு இங்கயே கெடப்பேன்" என்று டீ குடிக்கும்போதெல்லாம் சொல்வேன். எனவே கோபப்பட ஒன்றுமில்லை. அந்தப் பட்டியலைத் தயார் செய்தவனுக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு வந்தால் போதும்.

ஜூன் 10

பதவி உயர்வு வந்தவர் ஸ்வீட் கொடுப்பது எங்கள் ஆபீஸ் வழக்கம். வராதவர் என்ன செய்ய வேண்டும் என்று வழக்கம் எதுவும் இல்லை. அதனால் பியூலா நீட்டிய பெட்டியிலிருந்து மூன்று பால்கோவா எடுத்துச் சாப்பிட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பால்கோவாவைப் பார்த்தபடி, "எடுத்துக்கங்கக்கா" என்றாள்.

அதன் பிறகு ஆபீஸே துக்கம் கேட்க வந்தது. இருபத்தாறு வருஷமாக இறப்பைப் பதிவு செய்கிறவள் நான். எழவு வீட்டு முகம் எது என்று எனக்குத் தெரியும். பில் கலெக்டர் வெயிலுமுத்து என் மேஜைக்கு எதிரே கைகட்டி நின்று, "எப்பக்கா தெரிஞ்சுச்சு?" என்றார். இன்னொருத்தி, "நல்லாத்தானக்கா இருந்தீங்க" என்றாள். மேனேஜர் உக்கிரபாண்டி பெயருக்குத்தான் உக்கிரம். பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. அவர் வந்து, "மேலிடத்துல என்ன நெனச்சாங்களோம்மா" என்று தரையிடம் சொல்லிவிட்டுப் போனார்.

இறப்புச் சான்று கேட்டு வந்த ஒரு பெரியவர், "யாருக்கும்மா என்னாச்சு?" என்று என்னிடம் விசாரித்தார்.

ஜூன் 12

வீட்டு நிலவரத்தையும் எழுதிவிடுகிறேன், டாக்டர் கேட்டால் காட்டலாம். மகன் வேலைக்கு ஓசூர் போய்விட்டான். வீட்டில் நானும் என் கணவரும்தான். அவர் பெயர் ராஜாங்கம், பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். விசிலைப் பள்ளிக்கூடம் திருப்பி வாங்கவில்லை. காபிக்கு ஒரு ஊதல், துண்டுக்கு இரண்டு, நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியாவிட்டால் நீளமாக ஒன்று. முப்பது வருஷமாக நான் அந்த டீமில் ஒரே பிளேயர்.

அவர் இந்த வாரம் மிகவும் நல்லவராக இருக்கிறார். சாப்பிட்ட தட்டைக் கழுவினார். மல்லிகைப்பூ வாங்கி வந்தார். "விடு தவம், நீதான் அந்த போஸ்ட் வேணாம்னு சொல்லிக்கிட்டே இருப்பியே" என்றார். கல்யாணமான புதிதில்கூட இப்படிப் பூ வாங்கி வந்ததில்லை. உடம்புக்கு ஏதும் சரியில்லையோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

கமிஷனருக்கு ஒரு மனு எழுதினேன். பொருள்: பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் விடுபட்டமைக்கான காரணம் கோருதல். முதல் தடவை இரண்டு பக்கம் வந்தது, அதில் 'அயோக்கியத்தனம்' மூன்று இடத்தில் இருந்தது. இரண்டாவது தடவை ஒன்றாகக் குறைந்தது. மூன்றாவது தடவை அரைப் பக்கத்தில் மரியாதையாக முடித்தேன். பதவிக்காக இல்லை. ஒரு நியாயம் வேண்டும், அவ்வளவுதான்.

பியூலாவுக்குப் போன காலியிடம் கடற்கரையில் உள்ள ஒரு நகராட்சியில். மூன்று பஸ் மாற வேண்டும். ஏப்ரலில் தணிக்கை வேலையாக அங்கே போயிருந்தேன். ஒரு மாடியறை வாடகைக்கு என்று அட்டை தொங்கியது. சும்மா ஏறிப் பார்த்தேன். ஒரு அறை, ஒரு சமையல் மேடை, ஒரு ஜன்னல். ஜன்னலில் நிற்கும்போது அரை மணி நேரம் என்னை யாருமே கூப்பிடவில்லை. சும்மாதான் பார்த்தேன்.

ஜூன் 15

இன்று ஆபீஸில் யாரையும் திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை.

ஜூன் 17

மனுவைக் கொடுத்து நான்கு நாள் ஆகிறது. இதற்கிடையில் ஒரு அப்பா தன் மகனுக்கு 'சக்கரவர்த்தி' என்று பெயர் பதிய வந்தார். பிறந்தபோதே சக்கரவர்த்தி, பதவி உயர்வுப் பட்டியல் எதுவும் தேவையில்லை. வாழ்க என்று பதிந்து கொடுத்தேன்.

சாயங்காலம் மாஸ்டர் பரணில் பழைய பாய் தேடினார். அட்டைப்பெட்டியோடு ஒரு குக்கர் கிடைத்தது. "ரெண்டு லிட்டர் குக்கர் யாருக்கு தவம்? நம்ம ரெண்டு பேருக்கே அஞ்சு லிட்டர்ல தான வைக்கிற?" என்று கேட்டார்.

"ஆடித் தள்ளுபடில கெடச்சுச்சு" என்றேன். ஆடி இன்னும் பிறக்கவில்லை. அவர் பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு இறங்கினார்.

ஜூன் 19

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன். எழுத்து கோணலாக வந்தால் வரட்டும்.

மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு கோப்பைத் திறந்து காட்டினார். மார்ச் 14 தேதியிட்ட கடிதம். "எனது சொந்தக் காரணங்களை முன்னிட்டு, கண்காணிப்பாளர் பதவி உயர்வுக்கான உரிமையைத் தற்காலிகமாகத் துறக்கிறேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்." கீழே 'இப்படிக்கு, தவமணி'. கையெழுத்து என்னுடையதேதான். 'ணி'க்கு நான் போடுகிற கொக்கி யாருக்கும் வராது. அதற்கு மேலே உள்ள ஐந்து வரியும் பியூலாவின் முத்து முத்தான எழுத்து.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் ஆபீஸ் பழக்கம் ஒன்று தெரிய வேண்டும். வெள்ளைத் தாளின் அடியில் 'இப்படிக்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நாலைந்து தாளைப் பக்கத்து சீட்டில் கொடுத்து வைப்போம். திடீரென்று வர முடியாமல் போனால் ஒரு போன் போதும். பக்கத்து சீட் மேலே விடுப்புக் கடிதத்தை எழுதி மேனேஜர் மேஜையில் வைத்துவிடும். நான் பியூலாவுக்குக் காய்ச்சல், சித்தப்பா மரணம், வயிற்றுவலி எல்லாம் கொடுத்திருக்கிறேன். அவளுடைய அதே சித்தப்பா இரண்டு தடவை இறந்ததும் என் கவனக்குறைவால்தான். அவள் எனக்கு நாற்பது தடவையாவது எழுதியிருப்பாள்.

நாற்பத்தொன்றாவது தடவை என் பதவியை எழுதிக் கொடுத்துவிட்டாள்.

அழுகை வந்தது. மேனேஜர் முன்னால் அழக்கூடாது என்று நேராகப் பதிவறைக்குப் போனேன். பியூலா பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள்.

"எதுக்குடி இப்படிச் செஞ்ச?"

"நீங்க அன்னைக்கு ஒங்க நாத்தனா கண்ணு ஆபரேசனுக்கு மதுர போயிட்டீங்கக்கா. மூணு மணிக்கு மேனேஜர் வந்து, உரிமை விடுறவங்க நாலு மணிக்குள்ள எழுதிக் குடுங்க, இன்னைக்கே மண்டலத்துக்குப் போகணும்னாரு. ஒங்களுக்குப் போன் போட்டேன். போன வீட்டுலயே வச்சுட்டுப் போயிருக்கீங்க. ஒங்க வீட்டு சார்தான் எடுத்தாரு. அவருதான், 'அவ வேணாம்னுதான சொல்லுவா, எழுதிக் குடுத்துரு, நான் சொல்லிக்கிறேன்'னாரு."

"அவரு சொன்னா? ஏங்கிட்டல்ல கேக்கணும்!"

"ஒங்ககிட்ட கேக்கணுமாக்கா? டெய்லி டீக்கடையில நீங்களே சொல்லலையா, வந்தா எழுதிக் குடுத்துருவேன்னு? ஆர்டர் வந்த பெறகு மாட்டேன்னா மெமோ குடுப்பாங்கன்னு நான் பயந்து எழுதுனேன்."

"சீனியாரிட்டில எனக்கு அடுத்து யாருன்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா. எழுதறப்பயே தெரியும். அதுல நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றாள்.

அவளை அடிக்கக் கை வந்தது. சுற்றிலும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதிலிருந்து செத்தவர்களின் பதிவேடுகள். அங்கே வைத்து அடிப்பது சரியாகப் படவில்லை.

ஜூன் 20

மாஸ்டரைக் கேட்டேன். "போன் வந்துச்சா? எழுதச் சொன்னீங்களா?" என்றேன். விசில் எப்போதும் தொங்கும் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"நீதான தவம் வேணாம்னு..."

"நான் வெளிய அப்படித்தான் சொல்லுவேன். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றார். பிறகு மெதுவாக, "நீ பிப்ரவரியிலயே அந்த ஊருக்குப் பஸ் டயமெல்லாம் எழுதி வச்சிருந்தல்ல. அத நான் பாத்தேன். அப்பவே தெரியும். நீ போயிட்டா நான் என்ன செய்வேன்னு தோணுச்சு. சொல்லிருவோம், சொல்லிருவோம்னு மூணு மாசம் போயிருச்சு" என்றார்.

என்னை விட முடியாமல்தான் இப்படிச் செய்தார் என்பது புரிந்தது. அது புரிந்ததால் கோபம் இரண்டு மடங்கானது. போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். வாயைத் திறக்காமல் என் காலை வாரிவிட்டுப் பூ வாங்கி வந்திருக்கிறார்.

காலையில் பரிகாரமாக உப்புமா செய்தார். சுவரில் போஸ்டர் ஒட்டலாம். சாப்பிட்டேன், பசி.

ஜூன் 23

என் மரியாதையான அரைப் பக்க மனு இப்போது என் தலையிலேயே வந்து விழுந்திருக்கிறது. கமிஷனர் மேடம் வியாழக்கிழமை விசாரணை வைத்திருக்கிறார். கேள்வி ஒன்றே ஒன்று: இந்தக் கடிதம் உங்களுடையதா?

இல்லை என்றால், பட்டியல் திருத்தப்படும், என் பெயர் ஏறும். பியூலா கையில் சஸ்பென்ஷன், போலீஸ் வரைக்கும் போகலாம். ஆமாம் என்றால் மூன்று வருஷத்துக்கு என் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது. எனக்கு ஐம்பத்து மூன்று. மூன்று வருஷம் கழித்து யார் யாரோ முன்னால் வந்து நிற்பார்கள்.

மேனேஜர் வழக்கத்தைவிட மெதுவாக, "ஒரு வார்த்தைதாம்மா, பாத்துச் சொல்லுங்க" என்றார். எழுத்து மாறியிருப்பதைப் பார்த்துக்கொண்டே அந்தக் கடிதத்தை மேலே அனுப்பியவர் அவர்தான். அவருக்கு வருகிற மார்ச்சில் ரிட்டயர்மென்ட்.

ஜூன் 24

விசாரணை என்ற செய்தி பரவியதும் ஆபீஸ் முழுக்க மேஜை இழுப்பறைகள் திறந்தன. ஆளாளுக்குப் பக்கத்து சீட்டிடம் போய்க் கையெழுத்துப் போட்ட தாள்களைத் திருப்பி வாங்கிக் கிழித்தார்கள். வெயிலுமுத்துவுடையது மட்டும் பதினொன்று. எதிர்காலத்தில் அவர் இவ்வளவு வியாதிக்குத் திட்டமிட்டிருந்தார் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. பெருக்க வந்த அம்மா குப்பைக்கூடையைப் பார்த்து, "ஆரு வேலைய விட்டுப் போறாக?" என்று கேட்டார்.

ஜூன் 25

இன்று எல்லோரும் வேலைக்கு வந்திருந்தார்கள். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை. உட்கார நாற்காலி போதவில்லை.

சாயங்காலம் பியூலா வீட்டுக்கு வந்தாள். காலில் விழுவாள் என்று நினைத்தேன். விழுந்தால் எப்படி நகர்ந்துகொள்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அவள் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "நாளைக்கு உள்ளதச் சொல்லிருங்கக்கா. எங்க வீட்டுல சொல்லிட்டேன். வர்றது வரட்டும்" என்றாள். கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

ஜூன் 26

கமிஷனர் மேடத்துக்கு என் மகன் வயதுதான் இருக்கும். கடிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். மேனேஜர் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார், பியூலா வெளியே பெஞ்சில்.

"கையெழுத்து உங்களுடையதாம்மா?"

"ஆமா மேடம்."

"மேலே எழுதினது நீங்க இல்ல. எழுதச் சொன்னது யாரு?"

காலையில் பல் தேய்க்கும்போது 'எனக்கு ஒன்றும் தெரியாது மேடம்' என்று நான்கு தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். டீக்கடையில் நான் பேசின பேச்செல்லாம் வரிசையாக ஞாபகம் வந்து தொலைத்தது. ஆள் ஆளுக்குக் கூப்பிட்டு வைத்துச் சொன்னேனே.

"நான்தான் மேடம்."

"எப்ப சொன்னீங்க?"

"இருவது வருஷமாச் சொல்லிக்கிட்டிருக்கேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "வேண்டாம்னு சொன்னவங்க ஏன் மனு போட்டீங்க?"

"எனக்கு வேணும் மேடம். ரொம்ப நாளா வேணும்."

"வேணும்னா ஏம்மா வேண்டாம்னு சொன்னீங்க?"

"கேட்டுட்டு கெடைக்கலைன்னா அசிங்கமாப் போயிருமேன்னுதான்."

சொல்லிவிட்டுத் தேம்பி அழுதுவிட்டேன். முகத்தைத் துடைக்கக் கைக்குட்டை இல்லை. உக்கிரபாண்டி தன்னுடையதைக் கொடுத்தார், நாற்றம் தாங்கவில்லை. கமிஷனர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கோப்பில் நான்கு வரி எழுதினார். 'கடிதம் தன்னுடையதே என மனுதாரர் ஒப்புக்கொண்டதால் மனு முடிக்கப்படுகிறது. வருங்காலத்தில் கவனமாக இருக்க அறிவுறுத்தப்படுகிறார்.' ஆக, பதவியும் போய், அறிவுரையும் வாங்கியாயிற்று.

வெளியே பெஞ்சிலிருந்து பியூலா எழுந்தாள். என் முகத்தைப் பார்த்தே அவள் அழ ஆரம்பித்தாள். மூன்று நாள் என்னோடு பேசாதே என்று சொல்லிவிட்டு சீட்டுக்குப் போய், காத்திருந்த இரண்டு மரணங்களைப் பதிந்தேன்.

ஜூன் 30

பியூலாவை வழியனுப்ப பஸ் ஸ்டாண்டு போனேன். போக வேண்டாம் என்றுதான் இருந்தேன், காலையில் கால் தானாகப் போய்விட்டது. பெட்டியை ஏற்றிவிட்டு ஜன்னலோரம் நின்றேன்.

"எனக்கு அந்த ஊருக்குப் போகணும்னு ரொம்ப ஆசைடி. வீடுகூடப் பாத்து வச்சிருந்தேன்" என்றேன்.

அவள் அப்படியே என்னைப் பார்த்தாள். கோபம் வந்துவிட்டது அவளுக்கு. "பதினாலு வருசம் ஒரே டிபன் பாக்ஸ்ல சாப்பிட்டோமேக்கா. ஏங்கிட்ட ஒரே ஒரு தடவ சொல்லிருந்தா என்ன?" என்றாள். அதற்குள் பஸ் எடுத்துவிட்டான். பதில் சொல்லவிடாமல் பஸ் எடுத்ததற்கு டிரைவருக்கு நன்றி.

ஜூலை 2

மாஸ்டரிடம் சொல்லிவிட்டேன். அதே நகராட்சியில் உதவியாளர் சீட் ஒன்றும் காலியாக இருக்கிறது, பதவி உயர்வு இல்லாமலேயே மாறுதல் கேட்கப் போகிறேன் என்றேன். பியூலாவுக்குக் கீழே வேலை பார்க்க வேண்டிவரும், அவளுக்கு 'மேடம்' போட வேண்டிவரும். முதல் இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு போடலாம்.

"அப்ப நான்?" என்றார்.

"ரசம் வைக்கக் கத்துக்கங்க. சனி ஞாயிறு வருவேன். வரலைன்னா நீங்க வாங்க."

"என் மேல உள்ள கோவத்துலயா போற?"

"கோவம் இருக்கு. ஆனா அதுக்காகப் போகல. எனக்குத் தனியா கொஞ்ச நாள் இருக்கணும்."

சமையலறையில் போய்ப் புளி டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "ரசத்துக்குப் புளி எவ்வளவு?" என்று கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. இருந்தாலும் போகிறேன்.

ஜூலை 3

மாறுதல் படிவத்துக்குப் பெயரே விருப்ப மாறுதல் விண்ணப்பம். ஆனால் 'காரணம்' என்ற கட்டத்தில் விருப்பம் என்று எழுதின ஆளை எங்கள் ஆபீஸில் யாரும் பார்த்ததில்லை. முதுகுவலி, மாமனாரின் பக்கவாதம், பிள்ளையின் படிப்பு, இப்படித்தான் எழுதுவார்கள். நான் 'விருப்பம்' என்று எழுதினேன். முழுப் படிவத்தையும் என் கையாலேயே நிரப்பினேன்.

உக்கிரபாண்டி படித்துவிட்டுத் திருப்பி நீட்டினார். "இப்படி எழுதக்கூடாதும்மா. ஏதாச்சும் நோய் போடுங்க. ஒங்களுக்குத்தான் பிரஷர் இருக்குல்ல?"

"இருக்கு சார். அதுக்காகப் போகலையே."

"இத வச்சுக் குடுக்க மாட்டாங்கம்மா. மண்டலத்துல எல்லாரும் படிச்சுச் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும் சார். அனுப்புங்க."

பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு 'பரிந்துரைக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தபால் பையில் அது போவதைப் பார்த்துவிட்டுத்தான் சீட்டுக்கு வந்தேன். கிடைக்குமா என்று தெரியாது. டீக்கடையில் வெயிலுமுத்து கேட்டபோது, "அந்த ஊருக்கு மாறுதல் கேட்டுருக்கேன்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். கிடைக்காமல் போனால், கேட்டுக் கிடைக்காதவள் என்று இவ்வளவு பேருக்கும் தெரிந்திருக்கும்.